க்ளைமாக்ஸே வராத படம்: 'டிஸ்டோபியா' டீன் கதைகள் ஏன் சலித்துப்போயின?

2016 மார்ச்சில் 'அலீஜியன்ட்' என்ற ஹாலிவுட் படம் வெளியானது. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' நாவல் வரிசையின் மூன்றாவது படம் அது. கடைசி நாவலை இரண்டாக வெட்டி, முதல் பாதியை மட்டும் எடுத்திருந்தார்கள். மீதிப் பாதி 'அசென்டன்ட்' என்ற பெயரில் 2017 ஜூனில் வரும் என்று தேதியும் குறித்தாச்சு.

வரவே இல்லை. சுமார் 11 கோடி டாலர் செலவில் தயாரான 'அலீஜியன்ட்', உலகம் முழுக்கச் சேர்த்து வசூலித்தது சுமார் 18 கோடி டாலர். டிக்கெட் பணத்தில் ஏறத்தாழ பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு தனி. ஆக, நஷ்டம். கடைசிக் கதையை டிவிக்கு எடுத்து முடித்துவிடலாம் என்று தயாரிப்பு நிறுவனமான லயன்ஸ்கேட் யோசித்தது. நாயகி ஷைலீன் வுட்லி, டிவியில் நடிப்பதற்காகத் தான் ஒப்பந்தம் போடவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. மூன்று படங்களுக்கு டிக்கெட் எடுத்த ரசிகர்களுக்கு க்ளைமாக்ஸ் கடைசிவரை திரைக்கு வரவில்லை. ஸ்டூடியோ மனசு மாறும் அளவுக்கு அதற்காக யாரும் சண்டை போடவும் இல்லை.

நான்கே வருடங்களுக்கு முன்பு இதே வகைக் கதைக்குத்தான் நள்ளிரவுக் காட்சியில் கூட்டம் அலைமோதியது. நடுவில் என்ன ஆச்சு?

எங்கே ஆரம்பித்தது?

எல்லாம் நன்றாக இருக்கும் கனவு உலகம் 'யுடோபியா' என்றால், அதற்கு நேரெதிர் 'டிஸ்டோபியா'. எதிர்காலத்தில் ஒரு கொடூர அரசு, எங்கும் கண்காணிப்பு, வாய் திறந்தால் தண்டனை. ஆர்வெல் காலத்திலிருந்தே இருக்கும் கதை வகைதான். டீன் ஏஜ் வாசகர்களுக்கான 'யங் அடல்ட்' புத்தகங்களிலும் இது புதிதல்ல. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993-லேயே வந்துவிட்டது.

ஆனால் அலையைக் கிளப்பியது சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்'. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் குலுக்கல் முறையில் ஒரு பையன், ஒரு பெண். மொத்தம் 24 பேரை ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரை ஒருவர் கொல்லவிட்டு, அதை நாடே டிவியில் பார்க்கும். ஓர் இரவு சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சிகள் என்று மாறி மாறி வந்ததில்தான் இந்த யோசனை பிறந்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்.

புத்தகம் வெளியான நாள் 2008 செப்டம்பர் 14. மறுநாள் லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. அப்பா அம்மாவின் வேலை போவதையும், வீடு கைவிட்டுப் போவதையும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையின் கையில், தலைநகரம் விருந்து சாப்பிடும்போது மாவட்டங்கள் பட்டினி கிடக்கும் கதை வந்து விழுந்தது. செமயாகப் பற்றிக்கொண்டது. 2012-ல் ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்த முதல் படம் 69 கோடி டாலர், 2013-ல் இரண்டாவது படம் 86 கோடி டாலர்.

அரைத்த மாவு

ஒரு படம் ஓடினால் அதே மாதிரி பத்துப் படம் வருவது எந்த ஊர் சினிமாவிலும் நடப்பதுதான். இங்கே புத்தகச் சந்தையும் சேர்ந்து ஓடியது. ஆலி கான்டியின் 'மேட்ச்டு' நாவலில் யாருக்கு யார் ஜோடி என்று அரசே முடிவு செய்யும். லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' நாவலில் காதல் ஒரு நோய், 18 வயதில் அதற்கு ஆபரேஷன். கீரா காஸின் 'தி செலக்‌ஷன்' நாவலில் மக்கள் எட்டு சாதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். இளவரசனுக்குப் பெண் தேடும் போட்டி ரியாலிட்டி ஷோ மாதிரி நடக்கும். 'டைவர்ஜென்ட்' நாவலில் ஐந்து குழுக்கள். 16 வயதில் ஒரு டெஸ்ட் எழுதி, வாழ்நாள் முழுக்க எந்தக் குழு என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சுவாரசியம் உண்டு. அடுத்தடுத்துப் படித்தால் அச்சு தெரிந்துவிடும். மக்களைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் அரசு. எந்தப் பெட்டிக்கும் அடங்காத ஒரு பதினாறு வயசுப் பொண்ணு. அவளுக்கு இரண்டு பையன்களில் யார் என்ற குழப்பம். மூன்றாவது புத்தகத்தில் புரட்சி. கூடவே, புரட்சிக்காரர்களும் மோசமானவர்கள்தான் என்ற 'ட்விஸ்ட்'.

காலின்ஸின் கதையில் அந்தக் காதல் குழப்பத்துக்கே ஒரு காரணம் இருந்தது. காட்னிஸ் காதலிப்பது போல் கேமரா முன் நடித்தால்தான் பார்வையாளர்கள் மனம் இரங்குவார்கள், ஸ்பான்சர்கள் மருந்து அனுப்புவார்கள். உயிர் பிழைக்கக் காதலை விற்க வேண்டிய நிலை. நகல்கள் அந்தக் காரணத்தை விட்டுவிட்டு முக்கோணக் காதலை மட்டும் எடுத்துக்கொண்டன. சலிப்பின் வேர் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. எச்சரிக்கை போய்விட்டது, செட் ப்ராப்பர்ட்டி மட்டும் மிஞ்சியது.

இன்னொரு விமர்சனமும் அப்போதே எழுந்தது. அடிமைமுறையிலும் இனவெறியிலும் நிஜ மனிதர்கள் அனுபவித்ததை எடுத்து, பெரும்பாலும் வெள்ளைக்கார டீன் ஏஜர்களுக்கு நடப்பதாக எழுதுகிறார்கள் என்பது அது. முதல் 'ஹங்கர் கேம்ஸ்' படத்தில் ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினத்தைச் சேர்ந்த அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்ததற்கு, ட்விட்டரில் சில 'ரசிகர்களே' கோபப்பட்டார்கள். நாவலிலேயே அவள் கருமையான தோல் உடையவள் என்றுதான் எழுதியிருந்தது. அடக்குமுறைக்கு எதிரான கதையைப் படித்தவர்களில் சிலர் அதை எப்படிப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்.

வாசகர் வளர்ந்துவிட்டார், படம் இன்னும் வரவில்லை

அமெரிக்காவில் 1998-ல் பிறந்த ஒரு வாசகியை எடுத்துக்கொள்வோம். முதல் நாவல் வந்தபோது அவளுக்கு 10 வயது. முதல் படம் வந்தபோது 14, சரியான வயது. 'அலீஜியன்ட்' வந்த வருடம் 18, காலேஜ் போகிறாள், அந்த நவம்பரில் முதன்முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டும் போடுகிறாள்.

இப்போது 'கேயாஸ் வாக்கிங்' கதையைப் பார்க்கலாம். பேட்ரிக் நெஸ் எழுதிய முதல் நாவல் வந்தது 2008-ல், அதாவது 'ஹங்கர் கேம்ஸ்' வந்த அதே வருடம். ஆண்கள் நினைப்பதெல்லாம் வெளியே சத்தமாகக் கேட்கும் ஒரு கிரகம். உண்மையிலேயே புதிய யோசனை. படம் பிடித்தது 2017-ல். பார்த்தால் சரியாக வரவில்லை, 2019-ல் மறுபடியும் சில காட்சிகள் எடுத்தார்கள். ரிலீஸ் ஆனது 2021 மார்ச்சில், கொரோனாவுக்கு நடுவே. ஸ்பைடர்மேன் புகழ் டாம் ஹாலண்டும் ஸ்டார் வார்ஸ் புகழ் டெய்ஸி ரிட்லியும் இருந்தும், சுமார் 10 கோடி டாலர் படத்துக்கு 3 கோடிகூட வரவில்லை. நம் வாசகிக்கு அப்போது 22, 23 வயது. வேலை தேடிக்கொண்டிருப்பாள்.

புத்தகச் சந்தைக்கும் சினிமாவுக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எழுத்தாளரிடம் பதிப்பகம் பெரும்பாலும் மூன்று பாகங்களுக்குச் சேர்த்தே ஒப்பந்தம் போடும். பாகத்துக்கு ஒரு வருடம் என்று வைத்தாலும் மூன்று வருடம். அது ஹிட் ஆனதும் உரிமை வாங்கி, திரைக்கதை எழுதி, ஆள் பிடித்து, படம் எடுத்து முடிப்பதற்குள் இன்னொரு ஐந்து வருடம். முப்பது வயது வாசகருக்கு எழுதிய கதை என்றால் இது பெரிய விஷயமில்லை. பதினாலு வயசுக்கு எழுதினால், படம் வரும்போது அந்தப் பதினாலு வயசு அங்கே இருக்காது. புதிதாகப் பதினாலு ஆனவர்களுக்கோ அது அக்கா, அண்ணன் காலத்துக் கதை.

2018-ல் வந்த 'தி டார்க்கெஸ்ட் மைண்ட்ஸ்' இந்த இடைவெளியில்தான் விழுந்தது. நாயகி, ரூவாக நடித்த அதே அமாண்ட்லா ஸ்டென்பெர்க். கதையில், அமெரிக்கச் சிறுவர்களை அரசு பிடித்து முகாம்களில் அடைத்துவைக்கும். அந்தக் கோடையில்தான் அமெரிக்க எல்லையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட புலம்பெயர் குழந்தைகள் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் படங்கள் செய்திகளில் வந்தன. நிஜம் அப்படி இருக்கும்போது, சூப்பர் பவர் உள்ள குழந்தைகளைப் பார்க்கத் தியேட்டருக்குப் பெரிய கூட்டம் வரவில்லை. வசூல் சுமார் 4 கோடி டாலர்.

பாதியாக வெட்டினால் இரட்டை லாபமா?

சலிப்பில் ஸ்டூடியோக்களின் பங்கும் உண்டு. கடைசி நாவலை இரண்டு படமாக்கும் பழக்கம் 'ஹாரி பாட்டர்', 'ட்வைலைட்' வழியாக வந்தது. 'ஹங்கர் கேம்ஸ்' மூன்றாம் நாவலான 'மாக்கிங்ஜே'யையும் அப்படியே வெட்டினார்கள். முதல் பாதி 75 கோடி, இரண்டாம் பாதி 65 கோடி டாலர். முந்தைய படத்தின் 86 கோடியிலிருந்து இரண்டுமே இறக்கம்தான். லாபம் வந்தது, உண்மை. ஆனால் பாதி படத்துக்கு முழு டிக்கெட் வாங்கிய எரிச்சல் அடுத்து வந்தவர்களின் தலையில் விடிந்தது. 'டைவர்ஜென்ட்' மாட்டிக்கொண்டது.

அப்படியானால் டிஸ்டோபியா செத்துவிட்டதா?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. சலிப்பு அந்த வகையின் மேலேயே என்றால், 'ஹங்கர் கேம்ஸ்' உலகத்துக்கே திரும்பிய 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' 2023-ல் ஓடியிருக்கக் கூடாது. அது ஏறத்தாழ 35 கோடி டாலர் வசூலித்தது. அதில் புரட்சி இல்லை. பின்னாளில் சர்வாதிகாரியாகப் போகும் ஸ்நோ என்ற இளைஞன், படிப்படியாக எப்படித் தன் மனசாட்சியை விற்கிறான் என்பதுதான் கதை. 2025 மார்ச்சில் வந்த அடுத்த நாவலான 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்', முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இத்தனைக்கும் அதன் முடிவு பழைய வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த உண்மையை அரசு எப்படி வேறு மாதிரி எடிட் பண்ணிக் காட்டியது என்பதைத்தான் நாவல் சொல்கிறது. சிலர் மட்டும் சேர்ந்து பலரை இவ்வளவு எளிதாக எப்படி ஆள முடிகிறது என்று 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்ட கேள்விதான் இதற்குத் தூண்டுதல் என்றார் காலின்ஸ்.

இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஐந்து வருட இடைவெளி. சொல்வதற்கு ஏதாவது இருக்கும்போது மட்டும் எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதன் எதிர்முனையில் 'அக்லீஸ்'. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 2005 நாவல். 16 வயதில் எல்லோரும் ஆபரேஷன் செய்து அழகாகிவிட வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி. 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் படமாக வந்தபோது, 'அசிங்கமானவர்கள்' என்று சொல்லப்படும் பாத்திரங்களிலும் அழகான நடிகர்களே வந்தார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நாவல் வந்தபோது ஸ்மார்ட்ஃபோன் ஃபில்டரே கிடையாது. படம் வந்தபோது பார்ப்பவர் கையிலேயே அது இருந்தது. படத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

தாய்லாந்து கதை வேறு. 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, காட்னிஸின் மூன்று விரல் வணக்கத்தை எதிர்ப்பாளர்கள் தெருவில் காட்டினார்கள். அந்த நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் முன்னாலேயே மாணவர்கள் ஐந்து பேர் விரல்களை உயர்த்த, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதே வாரம் பாங்காக்கில் 'மாக்கிங்ஜே' காட்சிகள் சில ரத்து செய்யப்பட்டன. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி நடந்தபோதும் அதே மூன்று விரல்கள் உயர்ந்தன. 'கேயாஸ் வாக்கிங்' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம்.

'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' படத்தை 2026 நவம்பர் 20-க்கு லயன்ஸ்கேட் அறிவித்தது. நாவல் வந்து இரண்டு வருடம் முடிவதற்குள் படம். இந்த முறை, இரண்டாக வெட்டவில்லை.