மூன்று வயதுப் பரீட்சை

விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வைபவத்தில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அதற்குப் பல மாதம் முன்பே வீடுகளில் வேறொரு சடங்கு இப்போது ஆரம்பமாகிவிடுகிறது. மூன்று வயதுகூட நிரம்பாத சிசுவை நடுக்கூடத்தில் நிறுத்தி, "இது என்ன நிறம்? அது என்ன மிருகம்? உன் பெயரை இங்கிலீஷில் சொல், பார்க்கலாம்!" என்று தாயும் தகப்பனாரும் மாறி மாறி ஒத்திகை நடத்துகிறார்கள். எல்.கே.ஜி. பிரவேசத்துக்கான முஸ்தீபு இது! பள்ளியில் சேர்ப்பதற்காகக் குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சிக்கலாகாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. சட்டம் இருந்து என்ன? எதிர்வீட்டுக் குழந்தை இருபது வரையில் எண்ணுகிறதே!

பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் குழந்தை கதறுவது எண்ணத் தெரியாத காரணத்தினாலா? நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும். தாயை விட்டு ஒரு நாழிகை இருந்து அதற்குப் பழக்கமில்லை. ஒன்றுக்குப் போகவேண்டும் என்று அந்நியரிடம் சொல்ல நா எழவில்லை. சட்டைப் பொத்தானைப் போடவோ, சோற்றைத் தானே பிசைந்து உண்ணவோ தெரியாது. தன் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதும் புதிய சமாசாரம். இவற்றில் பலவற்றைத் தனி வீட்டில், ஒற்றைக் குழந்தைக்கு, எத்தனை கெட்டிக்காரத் தாயானாலும் கற்பிக்க முடியாது. மற்றக் குழந்தைகள் வேண்டும்.

முன்காலத்தில் தெருவும் திண்ணையும் இந்த வேலையைச் செய்துவந்தன. அக்காலமே பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. பெண் குழந்தைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தார்கள்? ஆனால் அத்தை வீட்டில் உண்டு, பாட்டி மடியில் உறங்கிய குழந்தைக்குப் பிரிவு பழகியிருந்தது. இன்று இரண்டரை அறை வீட்டில், இருவரும் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தில், குழந்தைக்கு வாய்த்த தோழன் கைபேசிதான்.

குழந்தை வளர்ப்பில் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு உண்டு என்பதற்கு ரோமாபுரியில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே ஸான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில் 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி மரியா மாண்டிஸோரி அம்மையார் தமது முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினபடியால், கட்டிடத்துக்காரர்களே செய்த ஏற்பாடு அது. ஆகவே முதலில் காப்பாற்ற நினைத்தது சுவர்களைத்தான்! இல்லம் அக்கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது. ஆசிரியையும் அங்கேயே குடியிருந்தாள். குழந்தையைச் சுத்தமாக அனுப்புவதும், வாரம் ஒரு தரமாவது ஆசிரியையைக் கண்டு பேசுவதும் தாய்மாரின் கடமைகளாக எழுதி வைக்கப்பட்டிருந்தன.

இதே அம்மையார் 1939-ல் நமது அடையாறுக்கு வந்தார். யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. எத்தனையோ ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். அவருடைய மரச் சாமான்களை நாம் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டோம். வாரத்துக்கொரு முறை தாய்க்குக் கதவைத் திறக்கும் விதியை மாத்திரம் பல பள்ளிகள் மறந்துவிட்டன. பெரும் கட்டணம் வாங்கும் இடங்களில் தாயார் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது அங்கன்வாடி. 'அங்கன்' என்றால் முற்றம். "அது ஏழைகளுக்கு" என்று நம்மவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. குழந்தையை நிறுத்துப் பார்ப்பதும், வீடு தேடிப் போய்த் தாயுடன் பேசுவதும் அங்குள்ள ஊழியரின் வேலையில் சேர்ந்தவை. இந்த ஒரு விஷயத்தில் அங்கன்வாடியே உயர்ந்தது என்பது நமது அபிப்பிராயம்.

தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு முற்றத்தை உண்டாக்கிவிடலாம். வாரத்தில் இரண்டு காலை வேளை, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகள் கூடட்டும். சிலேட்டும் பென்சிலும் வேண்டாம். சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் வார்க்கட்டும்; சிந்தினால் துடைக்கட்டும். பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர் கதை சொல்லட்டும். தகப்பன்மாரும் முறைக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எதற்காக இருக்கிறது?

இதில் மற்றொரு பெரிய லாபமும் உண்டு. மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைச் சில வீடுகளில் வெளியே காட்டாமலே வைத்திருக்கிறார்கள். நாலு தாய்மார் கூடும் இடத்தில், "காது கேட்கிறதா என்று ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடேன், அம்மா" என்று ஒருத்தியாவது பரிவுடன் சொல்லுவாள். வெட்கத்தினால் வீணாகும் மாதங்களைப் பிற்பாடு திரும்பப் பெறுவது கஷ்டம்.

முதல் நாள் அரை மணி, பிறகு ஒரு மணி என்று பிரிவைப் பழக்கலாம். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும் சமயம் பார்த்துத் தாய் நழுவிப் போகலாகாது. நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை அல்லவா? "போய்விட்டு வருகிறேன், கண்ணே" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கவும் வேண்டும்.