கழிவுத்தொகை ஊழியர் யாருடைய ஆள்?

அன்றைய இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கரின், தமிழரின் கூலி மேஸ்திரியின் கை வழியாகவே வந்தது. அவன் பிடித்தம் போக எஞ்சியதே உழைத்தவருக்கு. இன்று யாங்கூனில் கழிவுத்தொகைக்கு மட்டும் விற்பனை செய்யும் நம் இளைஞரிடம் "நீ சுயதொழில் செய்பவன்" என்றால், அதை அப்படியே ஏற்கலாமா?

பெயர் தீர்ப்பாகாது. எடைக்கேற்பக் கூலி பெற்ற தாரங்கதாரா உப்பளத்து அகரியாக்களை, வேலைமுறையைக் கட்டுப்படுத்துவது யார் என்று ஆராய்ந்து, தொழிலாளரே என 1956-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021-இல் ஊபர் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் ஒப்பந்தச் சொற்களைக் கடந்து உண்மை நிலையையே நோக்கியது.

விலையும் நேரமும் நிறுவனத்தின் கையில். நட்டம் மட்டும் உழைப்பவன் தலையிலா? பெற்றோரே, இளையோரே, கையொப்பமிடுமுன் இதைக் கேளுங்கள்!