கதவுக்கு முட்டாய்ப் போன பொறி

உகாண்டா நாட்டு மருத்துவ நிலையம் ஒன்றில், குருதியைச் சுழற்றி அதன் கூறுகளைப் பிரிக்கும் மையவிலக்குப் பொறியொன்று, கதவு சாத்திக்கொள்ளாதிருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்தது. அதனைச் சுழற்ற ஆங்கே மின்னாற்றல் இல்லை! அதனைக் கண்டு வந்தவர், இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவின் இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழகத்திற் பணிபுரியும் அறிவியலாளர் மனு பிரகாசு.

ஏழை நாடுகளுக்குப் பொறிகள் போய்ச் சேர்கின்றன. அவற்றை இயக்கும் வழிவகைகள் போய்ச் சேர்வதில்லை. இதன் விலை உயிர். மலேரியாவால் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5,97,000 பேர் மாண்டனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து அகவை நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகள். காய்ச்சல் எதனால் வந்தது என்பதை உரிய நேரத்தில் அறிந்திருந்தால், அவர்களுட் பலர் பிழைத்திருப்பர்.

பிரகாசும் சாத் பம்லா முதலிய குழுவினரும் மின்னாற்றல் வேண்டாக் கருவியைத் தேடிச் சிறுவர் விளையாட்டுப் பொருள்களை ஆராய்ந்தனர். யோயோ போதிய விரைவு தரவில்லை. பொத்தானின் இரு துளைகளில் நூல் கோத்து, முறுக்கி இழுத்துச் சுழற்றும் விளையாட்டு வழிகாட்டியது. நம் சிற்றூர்ப் பிள்ளைகள் சோடா மூடியைத் தட்டையாக்கிச் சுழற்றுகின்றனரே, அதுவேதான்! அதனை விரைவுப் படப்பொறியாற் படம்பிடித்தனர். நூல் தன்மேல் தானே முறுக்கேறி, விற்சுருள்போல் ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தருவதைக் கணக்கிட்டறிந்தனர். வட்டின் அளவையும் நூலின் நீளத்தையும் அதற்கேற்பத் திருத்தித் திருத்திச் செப்பம் செய்தனர்.

2017இல் வெளிவந்த அத் தாள்வட்டுக் கருவியின் எடை 2 கிராம். அடக்கவிலை 20 அமெரிக்கச் செண்டு. விரைவு மணித்துளிக்கு 1,25,000 சுற்றுகள்! ஒன்றரை மணித்துளியில் குருதிநீர் பிரிகிறது. பதினைந்து மணித்துளியில் மலேரியா ஒட்டுண்ணிகளைத் தனித்தெடுக்க முடிகிறது. மடகாசுகரின் ஊர்களுக்கே சென்று அதனை ஆய்ந்தும் பார்த்தனர்.

ஆயினும், பிரித்தெடுத்தல் நோயறிதலின் பாதியே. பிரிந்ததை நோக்க நுண்ணோக்கியும், கண்டதை உணரப் பயின்ற கண்ணும் வேண்டும். அவையின்றேல், தாள்வட்டும் மற்றொரு முட்டுக்கட்டையே ஆகும்.

ஆகவே, கருவி படைப்போர் முதற்கண் வினவ வேண்டுவது, ‘இஃது எத்துணை நுட்பமானது?’ என்பதன்று, ‘விளக்கில்லாத ஊரில், நள்ளிரவில், காய்ச்சலிற் கிடக்கும் குழந்தைக்கு இது பயன்படுமா?’ என்பதே. அவ்வினாவிற்கு விடை தாராத அறிவியல், எத்துணைப் பளபளப்பினும், கதவுக்கு முட்டே!