விளக்கேற்றிய படமும் பாதி மறைத்த வில்லையும்

பத்திரிகைத் தொழிலில் கழிந்த காலத்தில் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகள் எத்தனைக்குச் சென்று செய்தி எழுதியிருப்பேன் என்று இப்பொழுது கணக்கிட முடியாது. ஆனால் அச்செய்திகள் எவ்வாறு அமைந்திருந்தன என்பது நன்றாக நினைவிருக்கின்றது. பிரதம விருந்தினர் மாலை அணிவித்து வரவேற்கப்பட்டார். பாண்ட் வாத்தியம் முழங்கியது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. அதிபர் தலைமையுரை ஆற்றினார். படம் என்றால் விளக்கேற்றும் படந்தான். அதே வேளையில் உள்ளே ஒரு வகுப்பறையில், மெழுகுதிரிச் சுடரொன்றை வில்லைக்கு முன்னே வைத்து, அது சுவரில் தலைகீழாக விழுவதை ஒரு மாணவி வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்திருப்பாள். அதை நான் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும், இடம் போதாதென்று ஆசிரியபீடத்தில் முதலில் வெட்டப்படும் பந்தி அதுவாகவே இருந்திருக்கும்.

இந்தக் குற்றவுணர்வு இப்பொழுது மேலெழுந்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் பல்கலைக்கழக மாணவர்களின் விஞ்ஞானக் கழகமொன்று, வன்னியின் உட்புறத்திலுள்ள பாடசாலை ஒன்றிற்கு ஒளியியல் விளக்கமளிக்கச் சென்றபொழுது நானும் அவர்களோடு போயிருந்தேன். வாடகை வான் ஒன்று, மாணவர் ஏழு பேர், கடதாசிப் பெட்டிகள் இரண்டு. பிரதம விருந்தினர் எவரும் இல்லை. ஆகையால் நிகழ்ச்சி குறித்த நேரத்திற்கே ஆரம்பமாகிவிட்டது.

கழகம் என்றால் அதற்கொரு வருடச் சுழற்சி உண்டு. செயற்குழுத் தெரிவு, பதவியேற்பு, மாதாந்தச் சொற்பொழிவு, பாடசாலைகளுக்கிடையிலான வினாவிடைப் போட்டி, மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி வானத்தைப் பார்க்கும் ஓர் இரவு, கண்காட்சி, ஈற்றில் ஆண்டு மலர். மலரைப் புரட்டினால் விஞ்ஞானத்தை அடைவதற்கு முன்னர் பன்னிரண்டு ஆசிச் செய்திகளைத் தாண்டவேண்டும். அனுசரணையாளர்கள் கண்காட்சிக்கும் மலருக்குமே கிடைக்கின்றார்கள். அங்கேதான் பெயர் போடலாம். கிராமப் பாடசாலைகளுக்கான பயணம் எஞ்சிய பணத்தில் நடப்பது. என்னைக் கேட்டால், ஒரு கழகத்தின் வருடத்தை அந்தப் பயணத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்பேன்.

பெட்டிகளிலிருந்து வெளிவந்தவை பெறுமதி கூடிய பொருட்கள் அல்ல. கைப்பிடியுள்ள உருப்பெருக்கும் கண்ணாடிகள் இருபது, வெள்ளை மட்டைகள், பழைய இறுவட்டுகள், துளையிட்ட தண்ணீர்ப் போத்தல், லேசர்ச் சுட்டிகள் இரண்டு. தரம் 10 மாணவர்கள் இருவருக்கு ஒன்று வீதம் கண்ணாடிகளைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு பக்கத்து யன்னலை மட்டும் திறந்துவைத்து, எதிர்ப்புறத்தில் மட்டையைப் பிடித்து, வில்லையை முன்பின்னாக நகர்த்தச் சொன்னார்கள். வெளியே நின்ற வேப்பமரமும் சைக்கிள் கொட்டகையும் நிறத்தோடு தலைகீழாக மட்டையில் வந்து நின்றன. இந்தப் பிள்ளைகள் கதிர் வரிப்படம் வரையக் கற்றவர்கள்; மெய்விம்பம் என்ற சொல்லை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள். ஆனால் அந்த விம்பம் அசையும் என்பதை அன்றுதான் கண்டார்கள். வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, இருபது மட்டைகளிலும் சைக்கிள்கள் தலைகீழாக உருண்டன. வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டு அதிபரே எட்டிப் பார்த்தார்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். விளக்கமளித்த மாணவி சொன்னாள்: "இப்ப நான் வில்லையின்ர மேல் பாதியை மட்டையால மறைக்கப் போறன். படத்துக்கு என்ன நடக்கும்? முதல்ல கொப்பியில எழுதுங்கோ, பிறகு பாப்பம்."

ஏறக்குறைய எல்லோரும் எழுதிய விடை ஒன்றே: அரைவாசிப் படம் மறைந்துவிடும். எந்த அரைவாசி என்பதில்தான் தகராறு. விம்பம் தலைகீழானபடியால் கீழ்ப்பாதிதான் போகும் என்று சிலர் நுட்பமாக வாதிட்டார்கள். வகுப்பாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. நான் மனத்துக்குள் மேற்பாதிக்கு வாக்களித்திருந்தேன்.

அவள் மறைத்தாள். மரம் முழுதாக நின்றது. கொட்டகையும் முழுதாகவே நின்றது. படம் சற்று மங்கியது, அவ்வளவுதான்.

"அக்கா, நீங்கள் வடிவா மறைக்கேல்லை" என்றான் பின்வாங்கிலிருந்த ஒருவன். அவனையே வந்து மறைக்கச் சொன்னார்கள். மேற்பாதியை மறைத்தான், கீழ்ப்பாதியை மறைத்தான், முக்கால்வாசியை மறைத்தான். ஒவ்வொரு தடவையும் முழு மரமும், ஒளி குறைந்து குறைந்து, அங்கேயே நின்றது. மரத்தின் ஒவ்வோர் இலையிலிருந்தும் புறப்படும் ஒளி வில்லையின் எல்லாப் பகுதிகளிலும் விழுகின்றது. வில்லையின் ஒவ்வொரு பகுதியும் அந்த ஒளியை ஒரே இடத்தில் சேர்க்கின்றது. ஆகவே வில்லையின் எந்தத் துண்டும் முழுப் படத்தை ஆக்கவல்லது. பாதியை மறைத்தால் இழப்பது பாதி ஒளியை. பாதி மரத்தை அல்ல. பாடப்புத்தகம் இரண்டு கதிர்களை மட்டும் வரைகின்றது. விம்பம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு போதும். அந்த இரண்டு கோடுகள்தான் ஒளி என்று பிள்ளை நம்பிவிடுகின்றது. நானும் இத்தனை காலமாக அப்படித்தான் நம்பியிருந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி அந்த மாணவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. அவர்களும் அப்படிக் கூறிக்கொள்ளவில்லை. வளர்முக நாடுகளின் ஆசிரியர்களுக்கென யுனெஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டு கானாவில் தொடங்கிய ஒளியியல் பயிற்சிப் பட்டறைகளின் அடிப்படை இதுதான். மலிவான பொருட்கள்; முதலில் எதிர்வுகூறல், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதம், அதன்பின்னரே பரிசோதனை. தவறாக எதிர்வுகூறிய பிள்ளைக்குத்தான் காட்சி மனத்தில் பதிகின்றது. நாங்கள் கண்காட்சிகளில் செய்வது இதற்கு நேர்மாறானது: விடையை மனனம் செய்து ஒப்புவிக்கும் ஒருவரும், தலையாட்டிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகரும் கூட்டமும்.

அந்தப் பாடசாலையில் வில்லைகள் இல்லையா என்று ஆசிரியையிடம் கேட்டேன். இருக்கின்றன, அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. பொருட்பதிவேட்டில் ஏறியவை அவை. உடைந்தால் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் பதில் சொல்லவேண்டியவர் அவர். இதில் அவரை நான் குறை சொல்லமாட்டேன். பரீட்சையும் அவருக்குத் துணை செய்வதில்லை. உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் பரிசோதனையைப் பற்றிக் கேள்வி வரும், பரிசோதனை வராது. அந்தக் கேள்விக்கான விடையை ரியூசன் கொட்டிலில் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். வில்லையைக் கையால் தொடாமலே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் இருவர் அன்று வானில் வந்திருந்தார்கள் என்பதை அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். பாடசாலையில் விஞ்ஞானம் தமிழில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். இரண்டு மூன்று வருடங்களில் சொற்கள் கைவிட்டுப் போகின்றன. லேசர் ஒளியைத் தண்ணீருக்குள் செலுத்திக் காட்டிய இளைஞர் "ரிஃப்ராக்ஷன், ரிஃப்ராக்ஷன்" என்று தடுமாற, முன்வாங்குச் சிறுமி ஒருத்தி, "அண்ணா, முறிவைத்தானே சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள். அவர் முகம் சிவந்தது. பிறகு அவரே தெறிப்பு, கோணல், தலையீடு என்று ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். (தமிழக வாசகர்கள் இவற்றை எதிரொளிப்பு, விளிம்பு விளைவு, குறுக்கீட்டு விளைவு என்பார்கள், முறிவை விலகல் என்பார்கள். ஒளி நேர்கோட்டை விட்டு வளைவதற்குக் 'கோணல்' என்ற எங்கள் சொல்லில் எனக்கு ஒரு தனிப் பிரியம்.) அன்று அதிகம் கற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளா, கற்பிக்கப் போனவர்களா என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகவே உள்ளது.

ஒரு பழைய நினைவு. 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு மறுநாள், யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. போர் முடிந்தபின் வந்த முதலாவது பொங்கல் அது. நண்பகல் கடந்து சுமார் பத்து நிமிடங்கள் சூரியன் ஒரு வளையமாக நின்றது. பல வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். சிலர் எக்ஸ்றே படத்தினூடாகப் பார்த்தார்கள். அது கண்ணுக்கு ஆபத்தானது. நான் மாமரத்தடியில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். நிலத்தைப் பார்த்தால் எங்கும் ஒளி வளையங்கள், நூற்றுக்கணக்கில். ஏதோ அதிசயம் என்று எழுதத் தொடங்கியபொழுது பக்கத்தில் நின்ற ஒரு மாணவர், இலைகளுக்கிடையிலுள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஓர் ஊசித்துளைக் கமரா என்று விளக்கினார். மற்ற நாட்களில் மரநிழலில் நாம் காணும் வட்டமான ஒளிப்பொட்டுகளும் சூரியனின் விம்பங்களே. இடைவெளிகள் வட்டமாக இருப்பதனால் வந்த வட்டங்கள் அல்ல. மறுநாள் என் செய்தியில் வளையங்கள் இருந்தன; அந்த விளக்கம் இருக்கவில்லை. 2019 டிசம்பர் 26இல் வடக்கில் மீண்டும் கங்கண கிரகணம் வந்தது. பாடசாலைகளுக்கு அது விடுமுறைக் காலம்.

லேசர் விடயத்தில் அம்மாணவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. போத்தலின் துளையிலிருந்து வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியும் சேர்ந்து வளைந்து இறங்குவதைக் காட்டினார்கள். 1840களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் கொலடோன் காட்டிய அதே வித்தை. ஒளி தாரையின் ஓரத்தில் திரும்பத் திரும்பத் தெறித்து உள்ளேயே சிறைப்படுகின்றது. 1966இல் சார்ள்ஸ் காவோ, தூய கண்ணாடி இழையில் இதே முறையால் தொலைதூரம் செய்தி அனுப்பலாம் என்று காட்டினார். 2009இல் நோபல் பரிசு பெற்றார். "கனடாவில இருக்கிற மாமா வட்ஸ்அப்பில கதைக்கிறது இப்பிடித்தான் கடலுக்கடியால வருது" என்று சொன்னதும் பிள்ளைகள் தாரைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்று. ஆனால் சுட்டியை ஒரு பையனின் கையில் கொடுத்ததும் அவன் அதைக் கண்மட்டத்தில் சுழற்றினான். சந்தையில் விற்கும் மலிவுச் சுட்டிகளில் ஒட்டியிருக்கும் வலுவளவை நம்புவதற்கில்லை. பார்வை பற்றிப் படிப்பிக்கப் போய்ப் பார்வையைக் கெடுத்துவிடக் கூடாது. சுட்டி மேசையில் இறுக்கப்பட்டிருக்கவேண்டும். கழகத்தவர் கையை விட்டுப் போகக்கூடாது.

உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இத்தகைய கழகங்கள் இயங்குகின்றன. 1916இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டு 2021இல் ஒப்டிகா என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒளியியல் சங்கத்துக்குப் பல நாடுகளில் மாணவர் கிளைகள் உண்டு. 1960 மே 16இல் மைமன் முதலாவது லேசரை இயக்கியதன் நினைவாக, 2018 முதல் அந்நாள் சர்வதேச ஒளி தினமாகக் கொண்டாடப்படுகின்றது. எமக்கு மே மாதத்தின் நடுப்பகுதி வேறு நினைவுகளுக்குரியது. வன்னியில் அந்த வாரத்தில் யாரும் கொண்டாட்டம் வைப்பதில்லை. வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். நாளில் என்ன இருக்கின்றது? தொல்லை ஆண்டறிக்கையில்தான் இருக்கின்றது. எத்தனை பாடசாலைகள், எத்தனை மாணவர்கள் என்ற எண்கள் அங்கே முன்வரிசையில் வந்து நிற்கின்றன. எண்ணைக் கூட்டவேண்டுமானால் ஓடவேண்டும். ஓடினால் எங்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாது.

அன்றும் அதுதான் நடந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் இருபது கண்ணாடிகளையும் எண்ணிப் பெட்டியில் வைத்தார்கள். அடுத்த வாரம் வேறு பாடசாலை. கடைசிக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தவன், மறைத்துப் பார்த்த அதே பையன். கொடுப்பதற்கு முன் வாசலில் நின்று இன்னொரு தரம் வேப்பமரத்தைத் தன் வெள்ளைச் சட்டையில் விழுத்திப் பார்த்தான்.

வான் மாங்குளத்தைத் தாண்டும்வரை இதைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்தோம். இந்த வருடம் இருபது பாடசாலைகள் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம், ஐயா, என்றார் செயலாளர். ஏழு பாடசாலைகளுக்கு மும்முறை போங்கள், எண் ஒன்று கூடத்தான் வரும் என்றேன் நான். முதல் தடவை வில்லை. இரண்டாம் தடவை அவர்கள் அதைக் கொண்டு செய்தவற்றைப் பார்ப்பது. மூன்றாம் தடவை ஆசிரியை நடத்த நீங்கள் பின்வாங்கில் இருப்பது. கண்காட்சிப் பந்தலுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை உருப்பெருக்கும் கண்ணாடிகள் வாங்கலாம் என்று பொருளாளரைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லாமல் செயலாளரிடம் தாளை நீட்டினார்.

அடுத்த தவணையில் அதே பாடசாலைக்கு மறுபடி செல்வதென்றும், கண்ணாடிகளை அங்கேயே விட்டுவருவதென்றும் இப்போதைக்கு முடிவாகியிருக்கின்றது. செயலாளர் தொலைபேசியில் ஆசிரியைக்கு இதைத் தெரிவித்தபொழுது அவர் ஒரு நிபந்தனை போட்டாராம். பாடசாலைக்கு அன்பளிப்பு என்று கடிதம் எழுதிக் கொண்டுவரவேண்டாம், எழுதினால் பதிவேட்டில் ஏற்றவேண்டி வரும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கைப்பிடியில் எழுதி அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று.