பேரை மாத்தினோம்... பிடியை மாத்தினோமா?

விளாத்திகுளம் பக்கம் பந்தய மாட்டுக்கு லாடம் அடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? குளம்பைத் தூக்கிப் பிடிச்சு, சீவி, அளவு பார்த்துட்டுத்தான் ஆணியையே தொடுவாங்க. ‘எல்லா மாட்டுக்கும் ஒரே சைஸ்’னு யாராவது சொன்னா ஊரே சிரிக்கும்.

ஆனா, மனுஷனுக்கு?

ஷாமியானா போடறோம். பொன்னாடை போர்த்தறோம். வரிசையில் நிற்க வெச்சு சக்கர நாற்காலி கொடுத்து, போட்டோ எடுத்துக்கறோம். ‘உன் உடம்புக்கு இது சரியா இருக்கா தம்பி?’னு எத்தனை மேடையில் கேட்டிருப்போம்? ஆஸ்பத்திரி டைல்ஸ் தரையில் உருள்கிற சின்ன முன்சக்கரம், ஒரு மழை பெஞ்ச கரிசல் மண்ணில் நகருமா? மாட்டிக்கிட்டு நிற்கும். நாற்காலி மூலைக்குப் போகும். ‘கொடுத்தாலும் வெச்சுப் பொழைக்கத் தெரியலையே’ன்னு பழி மட்டும் அவன் தலையில்!

ஹவாயில் பெத்தானி ஹாமில்டன்னு ஒரு பொண்ணு. அலைச்சறுக்கு வீராங்கனை. 2003 அக்டோபரில் சுறா கடிச்சு இடது கை போயிடுச்சு. அப்போ வயசு 13. எதிரே அலை வந்தா, பலகையை ரெண்டு கையாலும் அமுக்கி அடியில் நுழையணும். ஒத்தைக் கையால் அமுக்கினா பலகை வழுக்கும். அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? பலகை நடுவில் ஒரு கைப்பிடி மாட்டினார். அவ்வளவுதான்! ஒரே மாசத்துக்குள் அவள் மறுபடி கடலில். 2005-ல் அமெரிக்க தேசியப் பட்டம்.

‘அது அமெரிக்கா சார்’னு சொல்லாதீங்க. கால் இல்லாத மனுஷங்க, பலகைக்கு அடியில் பால்பேரிங் மாட்டி, கையால் தள்ளிக்கிட்டு நம்ம கோயில் வாசல்லயே போறாங்களே... அதுவும் உடம்புக்கு ஏத்த மாதிரி செஞ்ச வண்டிதானே? நாலு சக்கரம் வெச்ச பலகைக்கு ஸ்கேட்போர்டுன்னு பேர் வெச்சு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பதக்கமே கொடுத்தாங்க. நாம என்ன கொடுத்தோம்? சில்லறைக் காசு!

‘சோத்துக்கே வழியைக் காணோம், விளையாட்டு எதுக்கு?’ன்னு கேட்பீங்க. உங்க பிள்ளைக்கு கிரிக்கெட் மட்டை வாங்கும்போது இந்தக் கேள்வி ஏன் வரலை? 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டு வசதிகளை அவங்களுக்கு ஏத்தபடி மாற்றி அமைக்கணும், அவங்க திறமையை வளர்க்கிற தொழில்நுட்பத்தை உருவாக்கணும்னு 30-வது பிரிவில் தெளிவாவே சொல்லுது. அது சலுகை இல்லீங்க... உரிமை!

2010-ல் ‘ஊனமுற்றோர்’ங்கிற பேரை ‘மாற்றுத்திறனாளி’ன்னு மாத்தினோம். நல்ல காரியம். ஆனா, பேரை மாத்தின நாம சாமானை மாத்தலையே!

நான் காமர்ஸ் படிச்சவன். எனக்குத் தெரிஞ்சது வரவு செலவுதான். அளவு பார்க்காமக் கொடுத்து மூலையில் துருப்பிடிக்கிற நாற்காலி, முழு நஷ்டம். ஒரு கைப்பிடி, ஒரு வார், கொஞ்சம் பெரிய சக்கரம்... பக்கத்து வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலை.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே வேம்பாரில் கடல் இருக்கு. அலைக்கு யாருக்கு எத்தனை கைன்னு தெரியாது. கரையில் நிற்கிற நமக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம்!

நீங்க பி.டி. மாஸ்டரா? பட்டறைக்காரரா? உதவி செய்யற அமைப்பில் இருக்கீங்களா? அடுத்த தடவை பொன்னாடை வேண்டாம். ஒரு இஞ்ச் டேப் எடுத்துட்டுப் போங்க. அந்தப் பையன்கிட்டயே கேளுங்க... ‘எங்கேப்பா பிடி வேணும்?’