வேலையை விடும்போது எதை எடுத்துட்டுப் போகலாம்? - ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் வழக்கும் உங்கள் பென்டிரைவும்!

"பேப்பர் போட்டாச்சு மச்சான். கிளையன்ட் லிஸ்ட்டை மட்டும் என் மெயிலுக்கு அனுப்பிக்கிறேன். நான் பேசிப் பிடிச்ச கிளையன்ட்ஸ்தானே!"

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், யாருக்கும் தப்பாகவே தோன்றாது. ஆனால், இதே மாதிரி ரகசியத் தகவல் பிரச்னைதான் நம்ம ஏரியாவின் இரண்டு சாஃப்ட்வேர் நிறுவனங்களை கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ. பெருங்குடியில் ஃப்ரெஷ்வொர்க்ஸ். ஜோஹோவிலிருந்து வெளியேறிய கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய நிறுவனம் அது. தன் ரகசியத் தகவல்களை ஃப்ரெஷ்வொர்க்ஸ் பயன்படுத்திக்கொண்டதாக, 2020 மார்ச்சில் ஜோஹோ வழக்குப் போட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் மறுத்தது. 2021 இறுதியில் சமரசம். தன் முன்னாள் ஊழியர் ஒருவர், நிறுவன விதிகளை மீறி ஜோஹோவின் ரகசியத் தகவலை எடுத்துப் பயன்படுத்தியதாக ஃப்ரெஷ்வொர்க்ஸ் அப்போது ஒப்புக்கொண்டது. நிபந்தனைகள் வெளியே வரவில்லை.

இங்கிருந்து அங்கே பைக்கிலேயே போய்விடலாம். அப்புறம் ஏன் கலிஃபோர்னியா? ஃப்ரெஷ்வொர்க்ஸின் தலைமையகம் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் வணிக ரகசியத்துக்கென்றே 2016-ல் ஒரு ஃபெடரல் சட்டமும் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. என்.டி.ஏ-வை (கூட்டணி இல்லைங்க, வேலையில் சேரும்போது படிக்காமலே கையெழுத்துப் போடுவோமே, அந்த ரகசியக் காப்பு ஒப்பந்தம்) வைத்துத்தான் பெரும்பாலும் வண்டி ஓடுகிறது. தனிச்சட்டம் வேண்டும் என்று 22-வது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் வரைவு மசோதாவோடு பரிந்துரை செய்தது.

அதுவரை ஊழியர் நிலைமை? "ரெண்டு வருஷம் போட்டி கம்பெனியில் சேரக் கூடாது" என்ற நிபந்தனை, 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு பொதுவாகச் செல்லாது. ஆனாலும், ஆஃபர் லெட்டரில் அச்சடிக்கிறார்கள். பயமுறுத்தத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் திறமையும் அனுபவமும் உங்களுடையவை. ஆனால் எக்ஸெல் ஷீட் அப்படியல்ல. அனுமதியின்றி டேட்டாவை நேர்மையற்ற நோக்கத்தோடு காப்பி செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்; இரண்டுமேகூட விதிக்கலாம். நீங்களே பேசிப் பிடித்த கிளையன்ட்டாக இருந்தாலும் சரி.

முதலாளிகளுக்கும் ஒன்று. 'ரகசியத்தைக் காக்க நீ என்ன செய்தாய்?' என்று நீதிமன்றம் கேட்கும். 80 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட விலைப்பட்டியலைக் காட்டி 'இது எங்க ரகசியம்' என்று நிற்பது கஷ்டம்ங்க.