முதல்ல ரிசீவரைக் காதுல வைங்க

டயல்-அப் கிடைக்கலைன்னு சொன்னா, உடனே விண்டோஸை ஃபார்மேட் பண்ணச் சொல்றது டவுன்காரங்க வழக்கம். எங்க ஊருக்கு அது சரிப்படாது. போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு அப்படித்தான் செஞ்சோம். கடைசியில பார்த்தா போன் லைனே செத்துக் கிடந்தது! மகளோட மார்க்கை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம்.

680 என்று பிழை வந்தால் டயல் டோன் இல்லை என்று அர்த்தம். ரிசீவரை எடுத்துக் கேளுங்க. டோன் கேட்குதா? அப்போ 'டயல் டோனுக்குக் காத்திரு' என்ற டிக்கை எடுத்துப் பாருங்க. பழைய எக்ஸ்சேஞ்சா இருந்தா டோனை பல்ஸா மாத்திப் பாருங்க. 691 வந்தாத்தான் பாஸ்வேர்டைச் சந்தேகப்படணும்.

பயிர் வாடினா மருந்தடிக்கும் முன்னாடி வாய்க்கால்ல தண்ணி வருதான்னுதானே பார்ப்போம்? அதே கணக்குதான்.